அழைத்தால்தானே வருவார்கள்



சென்ற முறை 1952 புயலில் போன நம் பழைய கடற்பாலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணினி மென்பொருள். அதிலும் அந்த உலகத்துக்குள் பெண்கள் எப்படி வந்தார்கள், ஏன் வராமல் இருந்தார்கள், யார் கூப்பிட்டு வந்தார்கள் என்கிற வரலாறு. "ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானச் சாப்பாடு ஆகி நான் ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். மருமகள் வந்து பக்கத்தில் நின்றாள். சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் மென்பொருள் வேலை பார்த்தவள். பேரன் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே எங்களோடு இருக்கிறாள்.

"மாமா, ஒரு விஷயம். அவுட்ரீச்சின்னு ஒரு பயிற்சித் திட்டம் இருக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம். மூணு மாசம். உதவித்தொகையும் தர்றாங்க. விண்ணப்பம் போடலாமான்னு பார்க்கிறேன்."

நான் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "குழந்தையை வச்சுக்கிட்டு இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? அவன் ஸ்கூலுக்குப் போகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

"சரி மாமா" என்று உள்ளே போய்விட்டாள். கோபமில்லை, வருத்தமில்லை. வெறும் சரி.

அந்த "சரி"யை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. நினைவு வந்ததும் தூக்கம் போய்விட்டது. சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு, "அது என்னப்பா அந்தத் திட்டம், எனக்குக் கொஞ்சம் எடுத்துக் காட்டு" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் படித்ததன் சாரம்தான் இந்தக் கட்டுரை.

திறந்த மூலம் என்றால் என்ன?

நம் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கணினி என்ன செய்யவேண்டும் என்று வரிவரியாக எழுதி வைப்பதுதான் மென்பொருள். அந்த எழுத்துக்கு மூலநிரல் என்று பெயர். பெரும்பாலான கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருள் என்றால் அது பூட்டப்படாதது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

"பக்கத்து வீட்டு அம்மா மீன் குழம்புப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி" என்று நான் சொன்னதும் மருமகள் சிரித்தாள். "சமையலை விட்டா வேற உதாரணமே கிடைக்காதா மாமா?" என்றாள். சரி, ஏரி மராமத்து என்று வைத்துக்கொள்வோம். ஊர் கூடிக் கரையைப் பலப்படுத்துகிறது. முடிந்தவர் மண் சுமக்கிறார், தெரிந்தவர் மதகைப் பார்த்துக்கொள்கிறார், தண்ணீர் எல்லோருக்கும். இதுவும் அப்படித்தான். உலகம் முழுக்க இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கூடி எழுதுகிறார்கள்.

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்பதை எழுதி வெளியிட்டார். இன்று உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான்.

எல்லோருக்கும் திறந்த கதவு என்றுதான் பெயர். ஆனால் 2006-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த ஓர் ஆய்வு, இந்தத் திறந்த மூலச் சமூகத்தில் பெண்கள் சுமார் 1.5 சதவீதம்தான் என்று கண்டது. பூட்டி வைத்து விற்கிற மென்பொருள் தொழிலில் அதே சமயம் 28 சதவீதம். அதாவது வாயிற்காவலன் நிற்கிற கம்பெனிக்குள் பெண்கள் போய்விட்டார்கள். காவலனே இல்லாத திறந்த வெளியில் அவர்களைக் காணோம். இந்த விசித்திரம்தான் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது.

பெண்களுக்குக் கணக்கு வராதா?

அப்படிச் சொல்பவர்களுக்கு வரலாறு வேறு பதில் வைத்திருக்கிறது.

1840-இல் சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர், தான் யோசித்து வைத்திருந்த பகுப்புப் பொறியைப் பற்றி இத்தாலியில் டூரின் நகரில் பேசினார். அதைக் கேட்ட மெனப்ரேயா என்ற பொறியாளர் 1842-இல் ஒரு கட்டுரை எழுதி ஜெனீவாவில் வெளியிட்டார். அது பிரெஞ்சில் எழுதப்பட்டது. சின்ன வயதில் 'தீக்தே'யில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு எனக்கு இந்த வயதில் இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. மகன் கணினியில் எடுத்துத் தர, இரண்டு மூன்று பக்கம் படித்துப் பார்த்தேன். நேரான, சுத்தமான பிரெஞ்சு.

அந்தக் கட்டுரையை 1843-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. கீழே குறிப்புகள் எழுதினார். மூலக் கட்டுரையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். அந்தப் பொறி எண்களை மட்டுமல்லாமல், விதிகளுக்கு உட்பட்ட வேறு எதையும், இசையைக்கூட, கையாளலாம் என்று அதில் எழுதினார். உலகின் முதல் கணினி நிரல் என்று பலர் சொல்வதும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஆனால் பெயரை முழுதாகப் போடவில்லை. மூன்று எழுத்து மட்டும் போட்டார்.

பாபேஜ் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒன்று சொல்கிறார். "இவ்வளவு தெரிந்த நீங்கள் சொந்தமாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கலாமே" என்று அவர் கேட்டாராம். அந்த எண்ணமே தனக்கு வரவில்லை என்று ஏடா சொன்னாராம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருஷம் தாண்டி வருவோம். இரண்டாம் உலகப் போர் சமயம். அமெரிக்காவில் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கையால் கணக்குப் போடுவதற்குப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அவர்களுடைய பதவிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'கம்ப்யூட்டர்'. ஆம், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஆள். பிறகு அதே கணக்கைப் போட பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்ற பெரிய இயந்திரம் கட்டினார்கள். அதை இயக்கும் வழிமுறைகளை வகுக்க அந்தப் பெண்களில் 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கையேடு கிடையாது. வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

1946 பிப்ரவரியில் இயந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். அன்று ஓடிய கணக்கைத் தயார் செய்தவர்கள் அந்தப் பெண்கள். அன்றிரவு பெரிய விருந்து. அந்த 6 பேருக்கும் அழைப்பு இல்லை. குளிரில் வீட்டுக்குப் போனார்கள். நாற்பது வருஷம் கழித்து கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய படங்களில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் பெண்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று விசாரித்தார். படத்துக்காக நிற்க வைத்த அழகிகளாக இருக்கும் என்று பதில் வந்ததாம். அவர் விடாமல் தேடிப் பிடித்ததால்தான் இன்று அந்தப் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன.

பெயர் வைத்ததே ஒரு பெண்

'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் ஒரு பெண் என்று எனக்குத் தெரியாது. மருமகளுக்கும் தெரியாது.

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனி தன் மூலநிரலைத் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. அதுவரை இத்தகைய மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் 'இலவசம்' என்றும் 'சுதந்திரம்' என்றும் இரண்டு பொருள் தந்து குழப்பியது. கிறிஸ்டின் பீட்டர்சன் என்பவர் யோசித்து இந்தப் புதிய சொல்லைக் கண்டுபிடித்தார். பிப்ரவரியில் இந்த உலகின் முக்கியஸ்தர்கள் சிலர் கூடிய கூட்டம் ஒன்றில் அவரும் உட்கார்ந்திருந்தார். ஆனால் சொல்லவில்லை. இங்கே இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தயங்கினாராம். அவருடைய நண்பர் டாட் ஆண்டர்சன்தான், இது புதுச் சொல் என்று காட்டிக்கொள்ளாமல், பேச்சோடு பேச்சாக அதைப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் மற்றவர்களும் அந்தச் சொல்லையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2018-இல், பீட்டர்சன் இதை எழுதி வெளியிட்டார்.

1843-இல் ஏடா. 1998-இல் பீட்டர்சன். இருவருக்கும் அறிவில் குறைவில்லை. வாயைத் திறக்கத்தான் யாரோ ஒருவர் தேவைப்பட்டார்.

'டெபியன்' என்று லினக்ஸ் குடும்பத்தில் ஒரு பெரிய திட்டம் உண்டு. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. அப்போது அவருடைய காதலி பெயர் டெப்ரா. இரண்டு பெயரையும் சேர்த்து டெபியன். பெயரில் பாதி பெண். வேலை செய்தவர்களில் பெண்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 2004-இல் அங்கே இருந்த சில பெண்கள் 'டெபியன் மகளிர்' என்று ஒரு குழு அமைத்துப் புதிதாக வருகிறவர்களுக்குக் கை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அதற்கும் முன்பே, 1998-இல், டெப் ரிச்சர்ட்சன் என்பவர் லினக்ஸ் பழகும் பெண்களுக்காக ஒரு குழு தொடங்கியிருந்தார். அதில் இரண்டே விதிகள். மரியாதையாக இரு. உதவியாக இரு. எங்கள் அலுவலகத்தில் நடத்தை விதிகள் ஒரு தடிப் புத்தகம். அதைவிட இது மேல் என்று தோன்றுகிறது.

2002-இல் வால் ஹென்சன் என்ற நிரலாளர் (பின்னாளில் வேலரி அரோரா) லினக்ஸில் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு நீண்ட கையேடு எழுதினார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மட்டமான ஜோக் அடிக்காதே, கேள்வி கேட்டால் கேலி செய்யாதே, நன்றாகச் செய்தால் நன்றாக இருக்கிறது என்று வாய் விட்டுச் சொல் என்கிற மாதிரி நடைமுறை யோசனைகள். அதில் ஒரு யோசனையைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவர்கள் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ளாதே என்பது அது.

1989

இனி என் கதை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் அம்மா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெயர் வேண்டாம். எங்களிடம் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் ஏராளம். அவற்றுக்கு நகல் அடிக்க பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தட்டச்சுப் பொறி ஒன்று இருந்தது. அதன் எழுத்து வரிசையே வேறு. ஆங்கிலப் பொறியில் முதல் வரிசை 'க்யூ'வில் ஆரம்பித்தால் அதில் 'ஆ'வில் ஆரம்பிக்கும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் உட்கார்ந்தால் விரல் தடுமாறும். அந்த அம்மா ஒரு வார்த்தை பிரெஞ்சு படிக்காதவர். ஆனால் காலையில் ஆங்கிலப் பொறி, மத்தியானம் பிரெஞ்சுப் பொறி, இரண்டிலும் பிழையில்லாமல் அடிப்பார். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த நான் எழுதிக் கொடுத்ததில் 'அக்ஸான்' விட்டுப்போயிருந்தால், "சார், முன் பக்கத்துல இதே வார்த்தைக்கு மேல ஒரு கோடு இருந்துச்சே" என்று கேட்பார்.

1989-இல் எங்களுக்கு முதல் கணினி வந்தது. தனி அறை, குளிர்சாதனம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். பொருத்த வந்த பையன் போன பிறகு அந்த அம்மா தயங்கித் தயங்கி முன்னால் உட்கார்ந்து ஒரு வரி அடித்தார். அடித்ததை அழித்தார். மறுபடி அடித்தார். தாளை வீணாக்காமல் திருத்தலாம் என்று கண்டுபிடித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அப்போது எங்கள் இளைய குமாஸ்தா ஒருவர் வந்து, "நகருங்கம்மா, நான் காட்டறேன்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த அம்மா எழுந்து கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. சென்னையில் மூன்று வாரம். நாலு பேர். நான் அப்போது கண்காணிப்பாளர். பட்டியல் தயார் செய்தது நான்தான். அந்த அம்மா பெயர் மனதில் வந்தது. வராமல் இல்லை. 'வீட்டில் இரண்டு சின்னக் குழந்தை, மாமியார் வேறு படுக்கையில், சென்னைக்கெல்லாம் வரமாட்டார்' என்று நானே நினைத்துக்கொண்டேன். நாலு ஆண்கள் பெயரை எழுதி மேலே அனுப்பினேன். உத்தரவு வந்தது, பலகையில் ஒட்டினோம்.

அன்று மாலை அவர் என் மேசைக்கு வந்தார். "லிஸ்ட் போட்டாச்சா சார்?"

"போட்டாச்சும்மா."

"சரி சார்."

அவ்வளவுதான். அந்த நாலு பேரில் இரண்டு பேர் பிற்பாடு கணினிப் பிரிவுக்குப் போய்ப் பதவி உயர்வு பெற்றார்கள். அந்த அம்மா கடைசிவரை தட்டச்சராகவே இருந்து ஓய்வு பெற்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. கோப்பை எடுத்துப் பார்த்தால் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவே.

181-க்கு பூஜ்யம்

திரும்பவும் 2006-க்கு வருவோம். 1.5 சதவீதம் என்று ஆய்வு சொன்ன அதே வருஷம்.

கூகுள் கம்பெனி 2005 முதல் கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் திறந்த மூல மென்பொருள் எழுத வைக்கும் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. 'குனோம்' என்று ஒரு மென்பொருள் திட்டம். லினக்ஸ் கணினியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற திரை, ஜன்னல், பட்டன் எல்லாம் எழுதுகிறவர்கள். 2006-இல் அவர்களிடம் வேலை செய்ய 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பெண்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

ஹன்னா வாலக் என்ற பெண்ணும் கிறிஸ் பால் என்பவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். அதே குனோம், அதே மாதிரி வேலை. ஆனால் இது பெண்களுக்கான கோடைத் திட்டம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த ஒரு மாற்றம்தான். நூறு பெண்களுக்குமேல் விண்ணப்பித்தார்கள். 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் கணக்கை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்த நூறு பேரும் திடீரென்று ஒரே மாதத்தில் படித்துத் திறமைசாலி ஆகிவிடவில்லை. முன்பும் இருந்தவர்கள்தான். 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்பதைத் தங்களுக்கான அழைப்பாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

நமக்கு இது புரியாத விஷயமா? கோவில் சுவரில் கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோமா? பெண் வீட்டார் வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "குடும்பத்தோடு வந்துடணும்" என்று சொன்னால்தானே போவோம். தபாலில் பத்திரிகை வந்தால்கூட, "நேர்ல வந்து கூப்பிடலையே" என்று எத்தனை பேர் போகாமல் இருந்திருக்கிறார்கள்! அழைக்காத வீட்டுக்குப் போகக்கூடாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள், அதிலும் பெண்பிள்ளைகளை. நான் 1989-இல் செய்தது பலகையில் ஒட்டியது. அதுகூட, பட்டியல் முடிந்த பிறகு.

அந்த முயற்சி ஒரு கோடையோடு நின்றுவிட்டது. 2010-இல் குனோமில் மரீனா ஷுராகின்ஸ்கயா என்ற பெண் அதைத் திரும்ப எடுத்தார். அந்த டிசம்பரில் 8 பெண்களோடு ஆரம்பம். இந்த முறை ஒரு நல்ல ஏற்பாடு. விண்ணப்பிக்கும்போதே ஒரு சின்ன வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஆனால் தனியாக அல்ல. அந்தத் திட்டத்தில் இருக்கும் ஒரு வழிகாட்டி கூட இருந்து உதவுவார். முதல் படி ஏறத்தானே பயம்? அந்தப் படியில் கையைப் பிடிக்க ஆள். தேர்வாகாவிட்டாலும் செய்த வேலை வீணில்லை. அது மென்பொருளில் சேர்ந்துவிடுகிறது.

2013-இல் லினக்ஸின் உட்கருவை எழுதும் குழுவும் சேர்ந்தது. 2015-இல் 'அவுட்ரீச்சி' என்று பெயர் மாறியது. இன்று பெண்களுக்கு மட்டுமல்ல, தங்கள் நாட்டின் கணினித் துறையில் ஒதுக்கப்பட்டவர்கள் பலருக்கும் அது பொது. வருஷத்துக்கு இரண்டு முறை, மூன்று மாதம், வீட்டிலிருந்தே வேலை, உதவித்தொகை 7,000 டாலர். கல்லூரி மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேலையை விட்டு வீட்டில் இருப்பவரும் வரலாம். மரீனா 2022-இல் காலமானார். அடுத்த வருஷம் இத்திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

அழைத்து வந்தால் மட்டும் போதாது, வந்த இடத்தில் மரியாதையும் வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் கோபக்காரர். பிழையாக எழுதியவர்களை எல்லோரும் படிக்கும் கடிதத்தில் தாறுமாறாகத் திட்டுவார். 2018 செப்டம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கி இருந்தார். அதே சமயம் அந்தக் குழு ஒரு நடத்தை நெறியையும் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு பெரிய மனிதர், கேட்டாரே மன்னிப்பு என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

சலுகை இல்லையா?

கடற்கரையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "திறமை இருந்தா தானா வருவாங்க. தனியா ஒரு வழி போட்டுக் கொடுக்கறது சலுகைதானே?" என்றார். நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் பாருங்கள். 2006-இல் நூற்றுக்கு மேற்பட்டவர்களில் 6 பேரைத்தான் எடுத்தார்கள். இன்றும் வேலையைச் செய்து காட்டினால்தான் இடம். மதிப்பெண்ணில் தள்ளுபடி எதுவும் இல்லை. அவர்கள் தளர்த்தியது தகுதியை அல்ல, தயக்கத்தை. தவிர, அந்த நண்பரையே கேட்டேன். "உமக்கு வேலை எப்படிக் கிடைச்சுது?" அவர் மாமா மனு எழுதிக் கொடுத்து, 'போய்ப் போடுடா' என்று அனுப்பி வைத்தாராம். எனக்கும் அப்படித்தான். என் பிரெஞ்சு வாத்தியார் வீட்டுக்கே வந்து என் அப்பாவிடம், பையனைப் பரீட்சை எழுத அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் தானாக வரவில்லை. யாரோ கூப்பிட்டுத்தான் வந்தோம். அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. காந்தி சிலை வரை பேசாமல் நடந்தோம்.

இப்போது

இரண்டு காரியம் செய்தேன்.

மருமகளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் தூக்கக் கலக்கத்துல ஏதோ சொல்லிட்டேன்மா. நீ விண்ணப்பம் போடு. தினம் ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் பேரன் என் பொறுப்பு" என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து, "ஏங்க, அஞ்சு மணி வரைக்கும் நீங்க முழிச்சிருப்பீங்களா?" என்றாள். முழித்திருந்தேன். கதை தீர்ந்துபோய் பேரனுக்கு மெனப்ரேயாவைக்கூடப் படித்துக் காட்டினேன், அவன் தூங்கிவிட்டான். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வழிகாட்டியோடு ஒரு மாதம் வேலை செய்தாள். கடைசித் தேர்வில் இந்த முறை பெயர் வரவில்லை. ஆனால் அவள் திருத்திக் கொடுத்த மூன்று திருத்தங்கள் அந்த மென்பொருளில் இருக்கின்றன. அடுத்த சுற்றுக்கும் போடப் போகிறாள். நம் பக்கத்து விழுப்புரத்திலேயே ஒரு லினக்ஸ் பயனர் குழு இருப்பதாகச் சொல்கிறாள். பேருந்தில் ஒரு மணி நேரம்தானே, போய்வா என்றிருக்கிறேன்.

இரண்டாவது காரியம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அந்தத் தட்டச்சர் அம்மாவின் தொலைபேசி எண்ணை ஓய்வூதியர் நண்பர் ஒருவரிடம் வாங்கிப் பேசினேன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். குரல் அப்படியே இருக்கிறது. உடம்பு, முழங்கால், ஓய்வூதியம் எல்லாம் பேசி முடித்து, கேட்டேவிட்டேன்.

"1989-ல சென்னைக்குக் கம்ப்யூட்டர் டிரெயினிங்குக்கு நாலு பேரை அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா? அப்ப உங்களைக் கேட்டிருந்தா போயிருப்பீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தெரியலை சார். பிள்ளைங்க சின்னது. அத்தை வேற படுத்த படுக்கை. போயிருக்க முடியாதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார். பிறகு, "ஆனா கேட்டிருந்தா, வீட்ல ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருப்பேன் சார்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்று சொல்லிவிட்டு, பேரப்பிள்ளை மடிக்கணினியில் தான் தமிழ் தட்டச்சு செய்வதாகவும், பழைய விரல் இன்னும் மறக்கவில்லை என்றும் சொன்னார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் படித்துவிட்டு வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மகளோ மருமகளோ பேத்தியோ இருப்பாள். அவளால் முடியுமா முடியாதா என்று நாம் தீர்மானிக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். முடியாது என்றால் அவளே சொல்லட்டும்.

அடுத்த முறை சந்திப்போம்.